நீலத் தொப்பிச் சேவை: கூப்பிடலாமா, வேண்டாமா?

விமர்சனம் எழுதுகிறவர் பொருளை வாங்கிப் பயன்படுத்திவிட்டு எழுதுவதுதான் முறை. நான் எழுதப்போகிற சேவையை நான் பயன்படுத்தியதில்லை, படிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கும் அந்த நிலைமை வந்திருக்காது, வராமல் இருப்பதே நல்லது. ஐநா அமைதிப்படையைத்தான் சொல்கிறேன். 1948-இல் தொடங்கியது, எழுபதுக்கும் மேற்பட்ட பணிகள், 1988-இல் அமைதிக்கான நோபல் பரிசு, இதுவரை 4,400-க்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் உயிரை விட்டிருக்கிறார்கள். இவ்வளவு பழைய சேவைக்கு உருப்படியாக ஒரு விமர்சனம் தேடினால் ஒரு பக்கம் பூமாலை, இன்னொரு பக்கம் "தண்டச் சம்பளம்" என்று ஒற்றை வரி. இரண்டும் எனக்குப் போதவில்லை. சில வருஷங்களாக இதைப் பற்றிய செய்திகளையும் அறிக்கைகளையும் விடாமல் வாசித்து வருகிறேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் குழப்பம், இந்தச் சேவைக்கு வாடிக்கையாளர் யார் என்பதே. ஆர்டர் கொடுப்பது 15 நாடுகள் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு மன்றம், அதில் 5 நாடுகள் கையில் வீட்டோ, அதாவது எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கிற அதிகாரம். பில்லில் பாதிக்கு அமெரிக்காவும் சீனாவும். ஆள் அனுப்புவது நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான் போன்ற நாடுகள். கதவைத் திறந்து உள்ளே விட வேண்டியது சண்டை நடக்கிற நாட்டின் அரசாங்கம். கடைசியில் சேவை போய்ச் சேர வேண்டியது, ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு குடும்பத்துக்கு. அந்தக் குடும்பம் ஆர்டர் கொடுக்க முடியாது, ரத்து செய்யவும் முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பாதி விஷயம் தானாகவே விளங்கும்.

பழைய மாடலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நன்றாகவே வேலை செய்தது. 1956 சூயஸ் நெருக்கடியின்போது பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்துக்குள் இறங்கிவிட்டன, வெளியேற வேண்டும், ஆனால் மானம் போகாமல் வெளியேற வேண்டும். கனடாவின் லெஸ்டர் பியர்சன் யோசனை சொல்ல, ஐநா பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் சில நாட்களிலேயே ஒரு படையைத் திரட்டினார். நீலத் தொப்பி தைத்து வருவதற்கு நேரம் இல்லாததால், அமெரிக்க ராணுவத் தலைக்கவசங்களின் பிளாஸ்டிக் உட்கூட்டை எடுத்து நீல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கத் தெரிந்த அந்த அடையாளம் அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலைதான். (இந்தச் சேவையின் பல அம்சங்கள் இப்படி அவசரத்தில் பிறந்தவை, அப்புறம் யாரும் மாற்றவில்லை.)

அந்த மாடலின் நிபந்தனைகள் மூன்று. சண்டை போட்டவர்கள் சம்மதிக்க வேண்டும்; படை யார் பக்கமும் சாயக்கூடாது; தற்காப்புக்குத் தவிர சுடக்கூடாது. அதாவது இரண்டு நாடுகள், இரண்டு ராணுவம், நடுவில் ஒரு கோடு, அந்தக் கோட்டில் நீங்கள் நிற்கிறீர்கள். சைப்ரஸில் 1964 முதல் நிற்கிறார்கள். இஸ்ரேலுக்கும் சிரியாவுக்கும் நடுவே கோலான் குன்றில் 1974 முதல். இரு தரப்பும் களைத்துப்போய், மறுபடி மோதிக்கொள்ள ஒரு சாக்கு கிடைக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கும்போது இந்தச் சேவையை மிஞ்ச ஆளில்லை. ஒரு கேள்வி மட்டும் அப்போதே எழுந்தது: சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? 1967 மே மாதம் எகிப்து "கிளம்புங்கள்" என்றது, கிளம்பினார்கள், ஜூனில் போர் வந்தது. வாடகைக்கு விட்டவர் சொன்னால் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான், ஒப்பந்தம் அப்படி.

அமைதிப்படை என்றதும் தமிழில் படிக்கிறவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைக்கும் ஐநாவுக்கும் சம்பந்தம் கிடையாது, அது இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் போனது. ஆனால் கோட்டில் நிற்கப் போன படை சில மாதங்களிலேயே போரில் ஒரு தரப்பாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கசப்பான உதாரணம் தேடத் தேவையில்லை. 1990 மார்ச்சில் திரும்பியபோது இந்தியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது, அங்கே இறந்த பொதுமக்களின் கணக்கு இன்னும் காயமாகவே இருக்கிறது. கீழே காங்கோ பற்றிச் சொல்லும்போது இது உங்களுக்கு ஞாபகம் வரும்.

சரி, போர் எப்படி மாறியது? உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டம் வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. 2024-இல் குறைந்தது ஒரு பக்கத்திலாவது ஓர் அரசு இருக்கிற மோதல்கள் 61, 1946-இலிருந்து எடுத்த கணக்கில் இதுதான் உச்சம். அவற்றில் இரண்டு நாட்டு ராணுவங்கள் நேருக்கு நேர் மோதுவது சொற்பம். மற்றதெல்லாம் உள்நாட்டுச் சண்டை, அதில் பக்கத்து நாடு பின்னால் இருந்து ஆயுதம் தருகிறது, கூலிப்படை ஒன்று சுரங்கத்துக்குக் காவல் நிற்கிறது, நேற்று மூன்றாக இருந்த கிளர்ச்சிக் குழு இன்று ஏழாக உடைந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? கோடு எங்கே? தங்கமும், மின்னணுக் கருவிகளுக்குத் தேவைப்படும் கோல்டான் கனிமமும் விற்றுச் சம்பளம் போடுகிற குழுவுக்கு அமைதி வந்தால் வருமானம் போய்விடும். களைப்பு என்பதே வராத சண்டை அது. சேவையின் வடிவமைப்போ களைத்துப்போன இரண்டு பேருக்கானது.

இந்தப் பொருத்தமின்மை முதன்முதலில் பளிச்சென்று தெரிந்தது 1990-களில். இந்த இடத்தில் விமர்சன பாணி நக்கலெல்லாம் எனக்கு வராது, நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ருவாண்டாவில் ஐநா படைக்குத் தலைமை தாங்கிய கனடியத் தளபதி ரோமியோ டலேர், 1994 ஜனவரி 11 அன்றே ஆயுதப் பதுக்கல் பற்றித் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார், சோதனையிட அனுமதி கேட்டார். உங்கள் ஆணையில், அதாவது பாதுகாப்பு மன்றம் எழுதிக் கொடுத்த வேலையில், அது இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் 7 அன்று பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள், பெல்ஜியம் தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் பெல்ஜிய வீரர்களை நம்பிச் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், அடைக்கலம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறியதும் வெளியே காத்திருந்த ஹுட்டு இன ஆயுததாரிகள் கொல்ல உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு மன்றம் என்ன செய்தது? சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. நூறு நாட்களில் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய எட்டு லட்சம்.

அடுத்த வருஷம் ஸ்ரெப்ரெனிட்சா. போஸ்னியாவில் "பாதுகாப்புப் பகுதி" என்று சில ஊர்களைப் பாதுகாப்பு மன்றம் அறிவித்தது. அவற்றைக் காக்க 34,000 வீரர்கள் கூடுதலாக வேண்டும் என்று ஐநா செயலகம் கணக்குப் போட்டது, மன்றம் ஒப்புக்கொண்டது 7,600. ஸ்ரெப்ரெனிட்சாவுக்குள் இருந்தது சில நூறு டச்சு வீரர்கள், கையில் இலகு ஆயுதம். 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படையிடம் ஊர் விழுந்தது, எட்டாயிரத்தை ஒட்டிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். என் பார்வையில் இது சேவையின் தோல்வி மட்டும் கிடையாது, மோசமான விளம்பரத்தின் தோல்வியும்கூட. பாதுகாப்புப் பகுதி என்று பெயர்ப்பலகை மாட்டாமல் இருந்திருந்தால் அந்த மக்களில் சிலராவது வேறு வழி தேடியிருப்பார்கள்.

இதற்கப்புறம் பழுதுபார்ப்பு நடந்தது, உண்மையாகவே நடந்தது. 1999-இல் சியரா லியோனுக்கு அனுப்பிய படைக்கு முதல்முறையாக, உடனடி ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காக்கலாம், தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று ஆணையில் எழுதினார்கள். 2000-இல் லக்தர் பிராகிமி தலைமையில் ஐநா அமைத்த ஆய்வுக் குழு, தீமை செய்கிறவனையும் தீமைக்கு ஆளாகிறவனையும் சமமாகப் பாவிப்பது நடுநிலை ஆகாது என்ற பொருளில் எழுதி வைத்தது. அந்த வருஷமே சோதனை வந்தது. சியரா லியோனில் கிளர்ச்சிக்காரர்கள் ஐநா வீரர்கள் சுமார் 500 பேரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கைலாகுனில் முற்றுகையில் மாட்டியிருந்த 200-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை ஜூலையில் சண்டையிட்டு மீட்டார்கள், ஆபரேஷன் குக்ரி என்று பெயர். பிரிட்டன் தனியாக ஒரு படையை இறக்கியது, ஐநா படையை 17,500 வரை உயர்த்தினார்கள், ஆயுதங்களைத் திரும்ப வாங்கினார்கள், தேர்தல் நடந்தது, 2005 இறுதியில் மூட்டை கட்டினார்கள். அந்த நாட்டில் மறுபடி உள்நாட்டுப் போர் வரவில்லை. பக்கத்தில் லைபீரியாவிலும் 2003-இலிருந்து 2018 வரை இருந்துவிட்டுக் கிளம்பினார்கள், அங்கேயும் அப்படியே. நமீபியா, மொசாம்பிக், எல் சால்வடோர் என்று இன்னும் சொல்லலாம். நல்லபடியாக முடிந்த பணி செய்தியில் வருவதில்லை, அதனால் இந்தச் சேவைக்கு வரும் விமர்சனமெல்லாம் ஒருபக்கமாகவே இருக்கிறது.

ஆனால் சியரா லியோனில் இருந்த சௌகரியத்தைக் கவனியுங்கள்: கையெழுத்துப் போட ஒரு கிளர்ச்சிக் குழு, கேட்டால் கேட்கிற ஓர் அரசு, பாதுகாப்பு மன்றத்தில் இருக்கிற ஒரு பெரிய நாட்டுக்கு நேரடி அக்கறை. அந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு இப்போது போவோம்.

கிழக்கு காங்கோ. 1999-இலிருந்து ஏதோ ஒரு பெயரில் அங்கே ஐநா படை இருக்கிறது. 2012 நவம்பரில் எம்23 என்ற கிளர்ச்சிக் குழு கோமா நகரத்துக்குள் நுழைந்தது, ஐநா வீரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய அவமானம். அதனால் 2013-இல் பாதுகாப்பு மன்றம் புதிதாக ஒன்றைச் செய்தது: தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி நாட்டு வீரர்கள் சுமார் 3,000 பேரைக் கொண்ட ஒரு தலையீட்டுப் படைப்பிரிவு, ஆயுதக் குழுக்களைத் தேடிப்போய்த் தாக்கலாம் என்ற ஆணையோடு. ஐநா அமைதிப் பணியில் முதன்முதலாக ட்ரோனும் பறந்தது, ஆயுதமில்லாதது, வேவு பார்க்க மட்டும். அந்த நவம்பரிலேயே எம்23 தோற்றது. ஆகா, சேவை புது மாடலுக்கு மாறிவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

மாடல் மாறியதும் நிபந்தனையும் மாற வேண்டுமே, அதைத்தான் யாரும் படித்துப் பார்க்கவில்லை. சுடப் போனால் எதிர்த்தரப்பு உங்களைப் போரிடும் தரப்பாகத்தான் பார்க்கும், பக்கத்துக் கூடாரத்தில் தடுப்பூசி போடுகிற நீலத் தொப்பிக்காரரையும் சேர்த்துத்தான். 2017 டிசம்பரில் செமுலிகியில் ஒரே தாக்குதலில் 15 தான்சானிய வீரர்கள் இறந்தார்கள். எம்23 மறுபடி திரண்டது, இந்த முறை பழைய துப்பாக்கிகளோடு வரவில்லை. ருவாண்டா ராணுவத்தின் சில ஆயிரம் வீரர்கள் அதோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்று ஐநாவின் நிபுணர் குழுவே எழுதியது, ருவாண்டா மறுத்தது. 2025 ஜனவரி இறுதியில் கோமா விழுந்தது. காங்கோ ராணுவ வீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஐநா முகாமுக்குள் ஓடிவந்து தஞ்சம் புகுந்தார்கள். யாருக்குத் துணையாக ஐநா வந்ததோ அந்த ராணுவத்தையே முகாமில் வைத்துச் சோறு போட வேண்டியதாயிற்று. இன்னொன்று, அமைதிப்படைக்கு அதிகம் ஆள் அனுப்பும் நாடுகளின் பட்டியலில் ருவாண்டா எப்போதும் முதல் சில இடங்களுக்குள் இருக்கிறது. ஒரே நாடு ஓரிடத்தில் காவல்காரர், இன்னோரிடத்தில் குற்றம்சாட்டப்பட்டவர். இந்தச் சேவையில் ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதை இதைவிட எப்படி விளக்குவது.

மாலி இன்னும் மோசம். எனக்கு மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்த கதையும் அதுதான். 2013-இல் படை போனது. அங்கே அரசு இருந்தது, வடக்கே துவாரெக் இனக் கிளர்ச்சிக் குழுக்கள் இருந்தன, அவர்களோடு 2015-இல் ஒப்பந்தமும் போடப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட விரும்பாத அல்-கொய்தா, ஐஎஸ் சார்புக் குழுக்களும் இருந்தன. காக்க வேண்டிய அமைதி ஒரு மூலையில்கூட இல்லை. சாலையோரம் புதைத்த குண்டு, வெடிமருந்து ஏற்றிய வண்டி, முகாமின் மீது ஏவுகணை. நீலத் தொப்பி அங்கே கவசமாக இல்லை, குறிபார்க்க வசதியாக இருந்தது. பிரேசில் ஜெனரல் சான்டோஸ் குரூஸ் தலைமையில் 2017-இல் வந்த அறிக்கை இதைப் பூசிமெழுகாமல் சொன்னது: நீலத் தலைக்கவசமும் ஐநா கொடியும் தாமாகப் பாதுகாப்புத் தரும் காலம் போய்விட்டது. படையின் பெருஞ்சக்தி தன் முகாமையும் தன் சரக்கு வண்டிகளையும் காப்பதிலேயே கழிந்தது. வீட்டுக் காவலுக்கு ஆள் வைத்து, அந்த ஆளுக்குக் காவலாக இன்னொரு ஆளை வைத்த கதை.

2020-இலும் 2021-இலும் ராணுவப் புரட்சி. புதிய ஆட்சியாளர்கள் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையைக் கூட்டி வந்தார்கள். சந்தையில் போட்டி நிறுவனம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் மனித உரிமை அறிக்கை எழுத மாட்டார்கள், ஆட்சியாளருக்கு அது பெரிய வசதி. 2022 மார்ச்சில் மூரா என்ற ஊரில் மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் சேர்ந்து குறைந்தது 500 பேரைக் கொன்றார்கள் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ஜூனில் மாலி வெளியுறவு அமைச்சர் பாதுகாப்பு மன்றத்தில் வந்து, தாமதிக்காமல் கிளம்புங்கள் என்றார். கிடால் முகாமிலிருந்து கடைசி வண்டித்தொடர் காவோ நோக்கிக் கிளம்பியபோது வழியில் திரும்பத் திரும்பக் குண்டுகளில் சிக்கியது. டிசம்பர் 31-உடன் கதை முடிந்தது. பத்து வருஷம், 300-க்கும் மேற்பட்ட உயிர்கள். அரசுதான் சம்மதம் தர வேண்டும், அந்த அரசே பொதுமக்களைக் கொன்றால் அதைப் பதிவு செய்வதும் உங்கள் வேலை. இந்த இரண்டையும் ஒரே ஆணையில் எழுதிக் கையில் கொடுத்தால் எந்தத் தளபதி என்ன செய்வார்?

ட்ரோன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய மாடலில் காவல் கோபுரம், மணல் மூட்டை, வெள்ளை வண்டி, கண்ணில் படும்படி கொடி. "நான் இங்கே இருக்கிறேன், என்னைச் சுடாதே" என்பதே பாதுகாப்பு. தூரத்தில் திரைக்கு முன் உட்கார்ந்து இயக்குகிறவனுக்கு அந்தக் கொடி வெறும் அடையாளப்புள்ளி. 2025 டிசம்பர் 13 அன்று சூடானின் காடுக்லியில் இருந்த ஐநா சரக்குத் தளத்தின் மீது ட்ரோன் தாக்கியதில் வங்கதேச வீரர்கள் 6 பேர் இறந்தார்கள். அவர்கள் சூடானின் உள்நாட்டுச் சண்டைக்குள் நுழைந்தவர்களே கிடையாது, அபியே என்ற பக்கத்துப் பகுதிக்கான பணியைச் சேர்ந்தவர்கள். ட்ரோனைக் கண்டறியும் கருவி, அதன் அலைவரிசையை முடக்கும் கருவி எல்லாம் வேண்டுமென்றால் அந்தக் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவர அந்த நாட்டு அரசு அனுமதிக்க வேண்டும், ஐநா படை வேவுக் கருவி வைத்திருப்பதை எந்த அரசும் ஆசையாக வரவேற்பதில்லை.

கைபேசியும் இப்போது ஓர் ஆயுதம்தான். 2022 ஜூலையில் கிழக்கு காங்கோவில் ஐநா முகாம்களை மக்களே சூழ்ந்துகொண்டு தாக்கினார்கள், பல பொதுமக்களும், புட்டெம்போவில் ஐநா பணியில் இருந்த இரண்டு இந்தியரும் ஒரு மொராக்கோ நாட்டவரும் இறந்தார்கள். ஐநாவே கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் தருகிறது, கனிமம் கடத்துகிறது என்ற வதந்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. வதந்தி பொய்தான். ஆனால் இருபது வருஷமாகப் படை இருந்தும் ஊர் எரிகிறது என்ற கோபம் பொய்யில்லை, வதந்தி அதில்தான் ஒட்டிக்கொண்டு வளர்ந்தது.

நம்பிக்கை கெட்டதில் சேவையின் சொந்தப் பங்கும் உண்டு, அதை மறைத்து எழுதினால் இது விமர்சனமே ஆகாது. 2010-இல் ஹைத்தியில் ஐநா முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது, பத்தாயிரத்தை ஒட்டியவர்கள் இறந்தார்கள். ஐநா தலைமை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவே 2016 ஆனது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் புகார்கள் 2015-இல் வெடித்து, பணியின் தலைவரையே பதவி விலகச் சொன்னார்கள். குற்றம் செய்த வீரரை ஐநா வீட்டுக்கு அனுப்பலாம், வழக்கு நடத்த வேண்டியது அவருடைய சொந்த நாடு. அங்கே வழக்கு நடந்ததா, தண்டனை கிடைத்ததா என்று பாதிக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் தெரியாமலே போகிறது. இதற்கு மட்டும் தனியாக மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்.

இப்போது விலை. 2024-25 நிதியாண்டுக்கு எல்லா அமைதிப் பணிகளுக்கும் சேர்த்து அனுமதித்த தொகை சுமார் 560 கோடி டாலர். பெரிய தொகையாகத் தெரியும். ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனக் கணக்கில் 2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல். அதாவது ஆயிரம் டாலர் ராணுவச் செலவுக்கு அமைதிப்படைக்குப் போவது இரண்டு டாலர் சொச்சம். ஆட்களை அனுப்பும் நாட்டுக்கு ஐநா தருவது ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்குச் சற்று மேல். இந்த விலைக்கு எந்தப் பெரிய நாடும் தன் ஒரு வீரரைக்கூட வெளிநாட்டில் நிறுத்த முடியாது. அதிகப் படையினரை அனுப்பிய இடங்களில் பொதுமக்கள் கொல்லப்படுவது குறைகிறது என்று ஹுல்ட்மன், காத்மன், ஷானன் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் தரவுகளோடு காட்டினார்கள், அதற்கப்புறம் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான் சாய்கின்றன. ஆக, பணத்துக்கு மதிப்பு உண்டு.

பணத்தைக் கட்டினால்தானே. பில்லைப் பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் பாக்கி வைப்பது இங்கே பழைய வழக்கம், 2025-இல் அது கழுத்தை நெரித்தது. அக்டோபரில் ஒன்பது பணிகளில் கால்வாசி வீரர்களையும் காவலர்களையும் திருப்பி அனுப்பப்போவதாக ஐநா அறிவித்தது. 2015 வாக்கில் சீருடையினர் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள், பத்து வருஷத்தில் அது பாதியை நோக்கி இறங்கிவிட்டது. 2014-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குப் போனதற்குப் பிறகு புதிதாக ஒரு பெரிய பணிகூடத் தொடங்கவில்லை. மோதல்கள் உச்சத்தில், சேவை சுருங்குகிறது. உக்ரைன், காசா, சூடான் என்று பெரிய பெரிய போர்கள் நடக்கும்போது பாதுகாப்பு மன்றத்தின் வீட்டோ வைத்த ஐந்து முதலாளிகளும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்குவதே அபூர்வம். மாற்று ஏற்பாடுகள் வந்தன. ஹைத்திக்குக் கென்யா தலைமையில் காவலர்கள் 2024-இல் போனார்கள், சொன்ன எண்ணிக்கையும் வரவில்லை, பணமும் வரவில்லை, அடுத்த வருஷமே அதை வேறொரு படையாக மாற்றத் தீர்மானம் போட்டார்கள். மாலியில் வந்த மாற்று எப்படிப்பட்டது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போக என்னால் முடியாததற்குக் காரணம் தெற்கு சூடான். 2013 டிசம்பரில் ஜூபாவில் சண்டை வெடித்தபோது ஆயிரக்கணக்கானோர் ஐநா முகாம் வாசலுக்கு ஓடிவந்தார்கள். முகாம் அதற்காகக் கட்டியது இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, எந்த விதிப்புத்தகத்திலும் வழி சொல்லியிருக்கவில்லை. கதவைத் திறந்தார்கள். வெவ்வேறு ஊர்களில் அந்த முகாம்களுக்குள் தங்கியவர்கள் ஒரு கட்டத்தில் இரண்டு லட்சம் பேர் வரை. அதே பணி 2016-இல் மலக்காலிலும் ஜூபாவிலும் தன் வாசலிலேயே மக்களைக் காக்கத் தவறியது, படைத்தளபதியைப் பதவியிலிருந்து தூக்கினார்கள், அதுவும் உண்மை. ஆனால் கிகாலியில் அந்தப் பள்ளியை விட்டு வண்டியேறியவர்களையும் ஜூபாவில் கதவைத் திறந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆணை எழுதியிருந்த காகிதத்தைவிட அன்றைக்கு வாசலில் யார் அதிகாரியாக இருந்தார் என்பது எத்தனை பேருடைய உயிரைத் தீர்மானித்திருக்கிறது!

சரி, யாருக்குப் பரிந்துரைப்பேன்? சண்டையிட்ட இரு தரப்பும் களைத்து, கையெழுத்துப் போட்டு, அதைக் கண்காணிக்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டுமென்றால் தயங்காமல் கூப்பிடலாம், ஐந்துக்கு நாலரை. உள்நாட்டுப் போர் முடிந்து ஆயுதம் திரும்ப வாங்க, தேர்தல் நடத்த, காவல்துறைக்குப் பயிற்சி தர வேண்டுமென்றால் நாலு, கூடவே பெரிய நாடு ஒன்றாவது அக்கறை காட்ட வேண்டும். அமைதியே இல்லாத இடத்தில், பயங்கரவாதக் குழுவையும் கூலிப்படையையும் கொலைகார அரசையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டுமென்றால் இந்தச் சேவைக்கு ஆர்டர் கொடுக்கவே கூடாது. கொடுக்கிறவர்கள் பிரச்சினையைத் தீர்க்கக் கொடுப்பதில்லை, ஏதோ செய்தோம் என்று காட்டக் கொடுக்கிறார்கள். ஒன்றரை, அந்த ஒன்றரையும் வாசலில் நிற்கிற வீரருக்காக, ஆர்டர் கொடுத்தவருக்காக இல்லை.

கடைசியாக லெபனான். 1978-இல் அனுப்பிய படைக்குப் பெயரே "இடைக்காலப் படை". 2024 அக்டோபரில் இஸ்ரேலியத் தாக்குதலில் அதன் நகூரா தலைமையகத்தின் காவல் கோபுரமே அடிபட்டு, இரண்டு இந்தோனேசிய வீரர்கள் காயமடைந்தார்கள். இடத்தை விட்டு நகருங்கள் என்று இஸ்ரேல் சொன்னபோதும் படை நகரவில்லை. 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்றம் ஒருமனதாகக் கடைசி நீட்டிப்பைக் கொடுத்தது: 2026 டிசம்பர் 31 வரை, அப்புறம் ஒரு வருஷத்துக்குள் காலி செய்ய வேண்டும். அந்த எல்லையோர ஊர்களில் நாற்பத்தெட்டு வருஷ இடைக்காலம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மேலே போட்ட நட்சத்திரங்களைத் திருத்தி எழுதுகிறேன்.